முய் நே கரையில் ஒரு பட்டப் பாடம்

கியெம், பட்டக் கயிற்றைக் கோக்கும் இடுப்புவாரைப் பின்பக்கம் முன்பக்கமாக மாட்டிக்கொண்டு நின்றான். அது தப்பா சரியா என்று துயெனுக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தன்னுடையதையும் அதேபோல் திருப்பி மாட்டிக்கொண்டான்.

பெரிய பட்டம் இழுக்க, கடலில் பலகைமேல் சறுக்கக் கற்றுத்தரும் பட்டச்சறுக்குப் பள்ளி அது. துயென் அதன் சமையல்காரன். அங்கிருந்த ஒரே வாத்தியார் முந்தின நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஃபான் ராங் பக்கம் ஓடிவிட்டார். முதலாளி ஹன் அக்கா சந்தையிலிருந்து போன் செய்து, "காலையில கியெம்னு ஒருத்தர் வருவார், நான் வர்ற வரைக்கும் நல்லா கவனிச்சுக்கோ" என்று சொல்லியிருந்தாள். வாத்தியார் இல்லை என்று இந்த மாணவனும் கைவிட்டுப் போனால் பள்ளியை இழுத்து மூட வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் லுவா. எதிரே பான் கான் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் அவன் தன்னை வாத்தியார் என்றே சொல்லி வைத்திருந்தான்.

"முதல்ல நீங்க செஞ்சு காட்டுங்கண்ணே" என்றான் கியெம்.

"நீங்க செய்யுங்க, நான் தப்பு கண்டுபிடிக்கறேன்."

"ஐயோ, உங்க முன்னாடியா? நீங்களே செய்யுங்க."

லுவா தலை தூக்கிப் பார்த்தாள். துயென் பட்டத்தின் கைப்பிடியை வாங்கிக்கொண்டான்.

கியெம் பட்டத்தைத் தூக்கி விட்டான். காற்று அதை வாங்கிய வேகத்தில், துயென் கருவாட்டுப் பந்தலுக்குள் தலைகுப்புறப் போனான். எழுந்தபோது காதில் ஒரு நெத்திலி செருகியிருந்தது.

"இது விழுற பாடம்" என்றான். "எப்படி விழணும்னு தெரியாம எழ முடியாது."

"அற்புதம்ணே!" என்றான் கியெம். அவன் முகமும் ஏனோ வெளிறியிருந்தது.

பந்தலுக்குச் சொந்தக்காரக் கிழவி விளக்குமாற்றோடு வந்தாள். "கடல் அந்தப் பக்கம்டா, கண்ணு அவிஞ்சவனே!"

பாரம் போதவில்லை என்று துயென் முடிவு செய்தான். "அண்ணே, என் இடுப்பைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க."

"இப்படி ஒரு முறை இருக்கா?"

"இது புதுசு."

பட்டம் மறுபடி எழுந்தது. இப்போது இரண்டு பேரும் போனார்கள். வழியில் ஒரு கல்யாண ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. மணப்பெண்ணின் முக்காடு கயிற்றில் மாட்டிக்கொண்டு வானத்துக்குப் போயிற்று. கூடவே தலையலங்காரமும் போயிற்று. அந்த நீளக் கூந்தலில் பாதி அவளுடையது இல்லை என்பது மாப்பிள்ளைக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பிரமாதம்! இன்னொரு தடவை பண்ணுங்க!" என்று கத்தினான் படக்காரன்.

"விட்டுடவாண்ணே?" என்று அலறினான் கியெம்.

"விடாதீங்க! நான் மட்டும் தனியா சாகணுமா?"

கடல் இருவரையும் சேர்த்து வாரிக்கொண்டது. கூடைப்படகில் வந்த மீனவர் ஒருவர் அவர்கள் சட்டையைக் கொக்கியில் மாட்டி ஒவ்வொருவராகக் கரையில் இழுத்துப் போட்டார். "இன்னைக்கு மீனே இல்லைன்னு வீட்ல சொல்ல முடியாது" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கரையில் மல்லாந்து கிடந்தபோது துயெனுக்குள் ஏதோ உடைந்தது. வேலையாவது, பெண்ணாவது! இந்த அப்பாவியை இன்னொரு தடவை கொல்லப் பார்க்கத் துணிவில்லை.

"அண்ணே, மன்னிச்சுக்கோங்க. நான் வாத்தியாரே இல்ல. சமையல்காரன். மீன் குழம்பு வைக்கத் தெரியும், அவ்வளவுதான்."

லுவா பணியாரக் கரண்டியோடு பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். கேட்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"நீ அந்த இடுப்புவாரைத் திருப்பி மாட்டினப்பவே எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "எந்திரி, காதுல இன்னும் மீன் இருக்கு."

கியெமுக்குக் கோபம் வரவில்லை. இருந்த மூச்சையெல்லாம் வெளியே விட்டுவிட்டு, மணலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று துயெனுக்குப் பிடிபடவில்லை.

அப்போது ஹன் அக்காவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. கிழிந்த பட்டத்தைப் பார்த்தாள். கருவாட்டுக் கிழவியைப் பார்த்தாள். பாதி மொட்டையாக அழுதுகொண்டிருந்த மணப்பெண்ணைப் பார்த்தாள். கடைசியாகக் கியெமைப் பார்த்து அலறினாள்:

"அடப்பாவி துயென், பத்து வருஷம் பட்டம் விட்டவர்னு அவரே சொன்னதை நம்பி நேத்துதான் வேலைக்கு எடுத்தேன், நம்ம புது வாத்தியாரை என்னடா பண்ணினே?"