தீர்மானம் எண் ஏழு

ஈஸ்வரமூர்த்திக்கு இழைக்கப்பட்ட அநீதிகளைக் கால வரிசைப்படி சொன்னால்தான் கப்பல் விவகாரம் விளங்கும்.

முதலாவது, பாடப்புத்தகம். அவர் பத்தாம் வகுப்பு எழுதிய வருடம், தமிழ்ப் புத்தகங்கள் எல்லை தாண்டி மலையாள மண்ணில் இருக்கும் சித்தூருக்கு வந்து சேர்ந்தபோது பரீட்சை முடிந்து, முடிவும் வந்து, அவரும் தோற்றிருந்தார். இரண்டாவது, வாய்க்கால். அவருடைய தோப்பு கடைமடை. தண்ணீர் தலைமடையிலேயே களைப்பாறி அங்கேயே குடியிருந்துவிடும். மூன்றாவது, மனு. தண்ணீர் கேட்டுத் தமிழில் எழுதிய மனுவை, மொழி புரியவில்லை என்று மலையாளத்தில் எழுதித் திருப்பியனுப்பினார்கள். நான்காவது, கல்யாணம். இதைத் துண்டுப்பிரசுரங்களில் அவர் சேர்ப்பதில்லை. அழைப்பிதழை அவரே அனல் பறக்க எழுதி அச்சுக்குக் கொடுத்தார். மணப்பெண் கருப்பாத்தாள் அதை வாங்கிப் பார்த்து, "எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. தேதிதான் தப்பு," என்று சொல்லியனுப்பினாள். ஐந்தாவது, கள். மரம் அவருடையது, பாளை அவருடையது. ஆனால் சட்டப்படி, இறக்கிய கள்ளைக் கடையில் போய்க் காசு கொடுத்து வாங்கி, தன் தோப்பைத் தூரத்தில் பார்த்துக்கொண்டே குடிக்க வேண்டும்.

ஆறாவது அநீதி கடலிலிருந்து வந்தது.

தென்னை விவசாயிகள் உரிமைச் சங்கத்துக்கு ஈஸ்வரமூர்த்தி பத்தொன்பது வருடமாகத் தலைவர். எதிர்த்து நிற்க ஆள் கிடையாது. நின்றால் அவருடைய பேச்சை முழுக்கக் கேட்க வேண்டிவரும் என்று எல்லோருக்கும் தெரியும். வருடாந்திரப் பொதுக்குழு எப்போதும் மலம்புழை அணைப் பூங்காவில்தான் நடக்கும். இந்த வருடம் ஒரு மாறுதலுக்கு, கொச்சியிலிருந்து கடலுக்குள் போய் இரண்டு இரவு சுற்றிவரும் உல்லாசக் கப்பலில் நடத்துவதென்று முடிவாகி, இருபத்திரண்டு தம்பதிகள் பெயர் கொடுத்தார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்னால் கப்பல்காரர்களின் விதித்தாள் வந்தது. செயலாளர் குப்பண்ணன் அதைத் தலைவர் வீட்டு முற்றத்தில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"பயணிகள் வெளியிலிருந்து மது கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் வாசலில் வாங்கி வைத்து, இறங்கும்போது திருப்பித் தரப்படும்."

"நிறுத்துப்பா," என்றார் ஈஸ்வரமூர்த்தி. "கப்பலுக்குள்ள அவன் கடை இருக்குதா?"

"மூணு கடை இருக்குதுங்க தலைவரே."

"அவன் வித்தாக் கேளிக்கை. நாம கொண்டுபோனாக் குத்தம். இதே கதையத்தான் கரையில முப்பது வருசமாக் கேட்டுட்டு இருக்கறோம். கடலுக்குள்ளயும் வந்துட்டானா?"

அன்றே தீர்மானம் எண் ஏழு எழுதப்பட்டது. எழுதியவர் தலைவர். வாசகம் இது: 'கப்பலின் மேல்தட்டில், பொதுக்குழு முன்னிலையில், நம் மரத்துக் கள்ளின் முதல் கோப்பையை ஊற்றும் உறுப்பினர் எவராயினும், அவரே சங்கத்தின் அடுத்த தலைவர். எவரும் ஊற்றாவிடில் நடப்புத் தலைவரே தொடர்வார்.'

இரண்டு பக்கமும் கூரான தீர்மானம் அது. ஊற்றினாலும் அவர்தான், ஊற்றாவிட்டாலும் அவர்தான். கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் அதைப் புரிந்துகொண்டு, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். இருபத்திரண்டு டம்ளர்களையும் பொறுக்கிக்கொண்டிருந்த கருப்பாத்தாள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, அந்தக் கப்பல்காரங்க தாளைக் குடுங்க. ஒருக்காப் படிச்சுப் பாக்கறேன்."

"அதுல படிக்க என்ன இருக்குது? அநியாயம். ஒரே வரி."

"ஒரே வரிக்கு எதுக்குங்க ரெண்டு பக்கம்?"

"மிச்சமெல்லாம் வாலு."

"மாட்டை வாங்கறவன் வாலையும் புடிச்சுத்தானுங்க பாப்பான்," என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவளும் சங்க உறுப்பினர்தான். பாதித் தோப்பை மானியத்துக்காக அவள் பெயரில் மாற்றியபோது, கூட்டத்தில் தலை எண்ணிக்கை கூடட்டும் என்று ஈஸ்வரமூர்த்தியே அவளைச் சேர்த்துவிட்டிருந்தார். பத்து வருடத்தில் ஒரு கூட்டத்திலும் அவள் வாய் திறந்ததில்லை. அடுப்படியிலிருந்து பேசினால் முற்றத்துக்குக் கேட்காது.

ஈஸ்வரமூர்த்தியின் போர்த்தந்திரம் இளநீர். ஆறு காய்களின் கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்தார். கடையில் வாங்கிய தன் மரத்துக் கள்ளை அதில் நிரப்பினார். மரக்கட்டையைச் செதுக்கி அடைத்து, மெழுகு உருக்கி ஊற்றி, மேலே சாம்பல் பூசினார். பெற்ற மரமே அடையாளம் கண்டுபிடிக்காது.

கருப்பாத்தாள் வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"கள்ளை இறுக்கி அடைச்சா மூச்சு முட்டுமுங்க."

"எனக்குச் சொல்லித் தர்றயா புள்ள? கள்ளுக்காக நாலு தடவை மறியல் பண்ணி, ரெண்டு தடவை உள்ள போயிட்டு வந்தவன் நான்."

"உள்ள போனவருக்குத்தானுங்க தெரியணும், அடைச்சு வெச்சா எப்பிடி இருக்கும்னு."

அவர் அடுத்த காயை எடுத்துக்கொண்டார். சிறை சென்றவர்கள் சிறு பேச்சுக்குப் பதில் சொல்வதில்லை.

பயண நாளின் விடியலில், அவள் மரமேறியிடம் சொல்லி வைத்திருந்தபடி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய தெளுவு வந்தது. சுண்ணாம்பு இருக்கும்வரை அது புளிக்காது. குழந்தைகூடக் குடிக்கும் இனிப்புத் தண்ணீர் அது. தெளிந்ததை மேலாக எடுத்து, பனிக்கட்டி போட்டு, பெரிய பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டாள். பிளாஸ்க் உடையாமலிருக்க, மட்டையடியில் வலைபோல் வளரும் தென்னம் பன்னாடை ஒன்றைச் சுற்றிக் கட்டினாள்.

சித்தூரிலிருந்து கொச்சிக்கு நாலு மணி நேரம். பேருந்தின் மேலே கட்டிய சாக்குக்குள் இளநீர்க் காய்கள் வெயில் காய்ந்துகொண்டு வந்தன. கள்ளுக்கு வெயிலும் குலுக்கலும் ஆகாது என்பது சித்தூர்த் தாலுகாவில் ஆடு மாட்டுக்கும் தெரியும். தலைவருக்கும் தெரியும்தான். ஆனால் வழி முழுக்க அவர் கப்பலில் ஆற்றப்போகும் உரையை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

துறைமுகச் சோதனை வாசலில் நின்றவன் பாண்டித்துரை. சொந்த ஊர் வண்டன்மேடு. தோட்டத்தில் ஏலக்காய் தரம் பிரிக்கும் குடும்பம். கண்ணை மூடிக்கொண்டு மோந்தே முதல் தரம், இரண்டாம் தரம் சொல்லிவிடும் மூக்கு அவனுடையது. அந்த மூக்குக்காகத்தான் கப்பல்காரர்கள் அவனை வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.

"என்னய்யா இது, இளநியா?"

"ஆமாப்பா. எம்பட தோப்புக் காய்."

"வெட்டுன காய்க்குள்ள தண்ணி சும்மாத்தானய்யா கெடக்கும். இது உள்ள என்னமோ பேசிக்கிட்டு இருக்கே?"

ஈஸ்வரமூர்த்தி காது கொடுத்துக் கேட்டார். காய்க்குள் உண்மையிலேயே ஒரு முணுமுணுப்பு. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் முதல் காயின் கட்டை கழன்று, மேலே எரிந்துகொண்டிருந்த விளக்கில் போய் அடித்தது. பின்னாலேயே வெள்ளை நுரை ஓராள் உயரத்துக்குக் கிளம்பியது. அதைப் பார்த்து ஊக்கம் பெற்றதுபோல மற்ற ஐந்தும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. வரிசையில் நின்ற இருபத்தொரு தம்பதிகளும் தலைகுனிந்து கொண்டார்கள். மரியாதைக்கு அல்ல, கட்டைகள் பறந்ததால்.

தலையில் நுரையோடு ஈஸ்வரமூர்த்தி கையை உயர்த்தினார். "இது கள்ளல்ல. இது ஒரு சமூகத்தின்..."

"கள்ளுதான்யா," என்றான் பாண்டித்துரை. "நேத்து சாயந்திரம் எறக்குனது. தென்னங்கள்ளு. பனங்கள்ளு கலக்கல." மிச்சமிருந்ததை ஒரு வாளியில் வடித்து, பெயர் எழுதிச் சீட்டுக் கட்டினான். "கொட்ட மாட்டோம். எறங்கும்போது வாங்கிக்கங்க."

அடுத்து கருப்பாத்தாள்.

"பிளாஸ்க்ல என்னம்மா?"

"தெளுவுங்க சாமி. சுண்ணாம்புக் கலயத்துது."

பாண்டித்துரை மூடியைத் திறந்து மோந்தான். ஒரு சொட்டை நாக்கில் வைத்தான். சோதனைக் கருவியையும் வைத்துப் பார்த்தான். கருவி பச்சை விளக்கைக் காட்டியது.

"போதையில்லாத பானம் ஆளுக்கு ரெண்டு லிட்டர் வரைக்கும் கொண்டுபோகலாம்னு உங்க தாளோட ரெண்டாம் பக்கத்துல போட்டிருக்குதுங்களே," என்றாள் அவள்.

"ஆமாம்மா. இத்தன வருசத்துல அந்தப் பக்கத்தப் படிச்சிட்டு வந்த மொத ஆளு நீங்கதான். ஆனா இவ்வளவு தூரம் தெளுவு எதுக்கும்மா?"

"நெஞ்செரிச்சல் சாமி. முப்பத்தெட்டு வருசமா இவரோட பேச்சக் கேக்கறேன்."

அவன் சிரித்துக்கொண்டே வழிவிட்டான்.

கப்பல் ஏறியதும் ஈஸ்வரமூர்த்தி அரை மணி நேரம் துக்கம் அனுசரித்தார். பிறகு தீர்மானத்தின் இரண்டாம் வாக்கியம் நினைவுக்கு வந்தது. தன் கள் போய்விட்டது, சரி. வேறெவனிடமாவது இருக்கிறதா? அறை அறையாகப் போய் விசாரித்தார். குப்பண்ணன் ஊறுகாய் ஜாடியில் ஒளித்துக் கொண்டுவந்த கள்ளும் வாசலில் பிடிபட்டிருந்தது. மற்றவர்கள் பயந்து ஒன்றுமே கொண்டுவரவில்லை. ஆகவே எவரும் ஊற்றப் போவதில்லை. ஆகவே நடப்புத் தலைவர் தொடர்வார். இருபதாவது வருடம்.

மறுநாள் காலையில் அவர் மேல்தட்டில் நடந்த நடையைப் பார்த்து ஒரு வடநாட்டுக் குடும்பம் அவரைக் கேப்டன் என்று நினைத்து வணக்கம் வைத்தது. அவரும் மறுக்கவில்லை. வெயில் நன்றாக விழும் மூலையில் கருப்பாத்தாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை, வாயில் அந்தப் பன்னாடையைக் கட்டி வெயிலில் வைக்கப்பட்டிருந்தது.

"இந்தப் பன்னாடையை எதுக்குக் கப்பலேத்துனே?" என்றார்.

அவள் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். "கூடவே வர்றேன்னு சொன்னா உட்டுட்டு வர முடியுங்களா?"

பொதுக்குழு மாலை நாலு மணிக்குக் கூடியது. கடலில் கரை என்று எதுவும் தெரியவில்லை. தலைவர் உரை நாற்பது நிமிடம். அதில் பாடப்புத்தகம், வாய்க்கால், மனு, கள் எல்லாம் வரிசையாக வந்தன, கல்யாணம் மட்டும் வரவில்லை. முடிவில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தீர்மானம் எண் ஏழின்படி, நம் மரத்துக் கள்ளை ஊற்றும் உறுப்பினர் யாராவது இருக்கிறீர்களா?" ஒரு மரியாதைக்காக மூன்று விநாடி விட்டார். "இல்லையென்றால்..."

"ஒரு நிமிசமுங்க," என்றாள் கருப்பாத்தாள்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து வந்தாள். பன்னாடையை அவிழ்த்தாள். குடுவைக்குள் பால் வெள்ளையாய் ஒன்று நுரைத்துக்கொண்டிருந்தது. கோப்பையில் ஊற்றினாள். கடல் காற்று அந்த வாசனையை இருபத்திரண்டு தம்பதிகளுக்கும் பாகுபாடில்லாமல் பங்கிட்டது. குப்பண்ணன் தன்னையறியாமல் கையை நீட்டினார்.

"அது தெளுவு," என்றார் ஈஸ்வரமூர்த்தி. அவர் குரல் கீச்சென்றது.

"நேத்துத் தெளுவுங்க. சுண்ணாம்பு கீழ தங்கிருச்சு. தெளிஞ்சத இந்தப் பன்னாடையில வடிச்சேன். நம்ம மரமேறி ஒரு வருசமாக் கள்ளு வடிச்ச பன்னாடை. நான் கழுவல. வெயிலு மிச்ச வேலையப் பாத்துக்கிச்சு."

"செல்லாது. கப்பல் விதிப்படி மது கொண்டுவரக் கூடாது. சட்டத்தை மீறி..."

கூட்டம் முழுவதும் அவரைப் பார்த்தது. பத்தொன்பது வருடத் தலைவர் வாயிலிருந்து சட்டத்துக்கு ஆதரவாக வந்த முதல் வாக்கியம் அது. அவருக்கே அது கேட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கப்பல் கிளம்பியபின் மேல்தட்டுக் காவலுக்கு மாறியிருந்த பாண்டித்துரை அந்த வழியாக வர, குப்பண்ணன் அவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். அவன் கோப்பையை மோந்தான். முகம் மலர்ந்தது.

"கள்ளுதான்யா. மொதத் தரம்."

"உன் வாசலைத் தாண்டித்தானே வந்தது?" என்று மடக்கினார் ஈஸ்வரமூர்த்தி.

"என் வாசல்ல வந்தது தெளுவுய்யா. அதுக்குக் கருவியும் சாட்சி. வெளிய இருந்து கொண்டுவராதன்னுதான் விதி. கப்பல்லயே பொறக்காதன்னு எங்கயும் எழுதல. மேலதிகாரிகிட்டக் கேட்டு வேணும்னா அடுத்த தாள்ல சேர்க்கச் சொல்றேன்."

"தலைவரே, நம்ம தீர்மானத்துலயும் கொண்டுவரணும்னு இல்லீங்க," என்றார் குப்பண்ணன், பதிவேட்டில் விரலை வைத்து. "நம் மரத்துக் கள், முதல் கோப்பை, ஊற்றும் உறுப்பினர் எவராயினும். நீங்க எழுதுனதுதானுங்க."

ஈஸ்வரமூர்த்தி மனைவியைத் தனியே அழைத்துப்போய்க் கைப்பிடிக் கம்பியருகே நின்றார்.

"உனக்கு எதுக்குப் புள்ள இந்தப் பதவி? மனுக் குடுக்கணும், மறியல் பண்ணணும், வெயில்ல நிக்கணும்."

"மனு நான் எழுதறேனுங்க. மலையாளத்துலயே எழுதறேன், ஒரு பக்கத்துல எழுதறேன், தேதியச் சரியாப் போடறேன். கடைமடைக்குத் தண்ணி வருதான்னு பாக்கலாம்."

"அப்புறம் நான்?"

"ஞாயித்துக்கெழமை கூட்டம் தலைவர் ஊட்டுலதானுங்க நடக்கும். அது மாறாது. பத்தொம்பது வருசமாத் தலைவரோட ஊட்டுக்காரி டீ போட்டேன். இனித் தலைவரோட ஊட்டுக்காரர் போடட்டும். இருபத்திரண்டு டம்ளரு. அதுல குப்பண்ணனுக்குச் சக்கரை ஆகாது. நாவகம் வெச்சுக்கங்க."

கடல் காற்று அதைக் கூட்டத்துக்கும் கொண்டுபோயிருந்தது. பெண்களில் யாரோ சிரிக்க, அது மற்றவர்களையும் தொற்றி, பிறகு கைத்தட்டலாகிவிட்டது. கோப்பை கைமாறிக் கைமாறிச் சுற்றியது. ஒரு மிடறு குடித்த குப்பண்ணன், இது கடைக் கள்ளல்ல, நம் கள் என்றார். ஆறு அநீதிகளுக்கும் சேர்த்துக் கடல் நடுவே ஒரு வெற்றி கிடைத்திருந்தது. கிடைத்தது யாருக்கு என்பதில் மட்டும்தான் ஈஸ்வரமூர்த்திக்குக் கருத்து வேறுபாடு.

சங்க விதிப்படி, புதிய தலைவரின் பெயரைப் பழைய தலைவர் எழுந்து நின்று, சாட்சிகள் கேட்க உரக்க வாசிக்க வேண்டும். அந்த விதியையும் அவர்தான் எழுதியிருந்தார். குப்பண்ணன் பதிவேட்டை நீட்டினார். முப்பத்தெட்டு வருடத்தில் அவளைப் 'புள்ள' என்றும் 'ஏய்' என்றும்தான் கூப்பிட்டிருக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். வாயைத் திறந்தார்.

"சத்தமா வாசிங்க," என்றாள் அவள். "முன்னால எங்கப்பன் பேரோட மொத எழுத்தையும் சேத்துக்கங்க."

இருபத்தொரு தம்பதிகளும், குப்பண்ணன் கையிலிருந்த காலிக் கோப்பையும், வண்டன்மேட்டுப் பாண்டித்துரையும் சாட்சியாக, ஈஸ்வரமூர்த்தி வாசித்தார்:

"ரா. கருப்பாத்தாள்."