மொந்தெவெர்னாவில் ஒரு முப்பாட்டன்

"அப்பா, நீங்களும் அம்மாவும் இங்க வர டிக்கெட் போட்டாச்சு. நம்ம முப்பாட்டன் ஊர் பேரை மட்டும் சொல்லுங்க."

மிலானிலிருந்து வீடியோ காலில் மகள் சினேகா இப்படிக் கேட்டதும், ஆஸ்டின் வாயிலிருந்த இட்லி இறங்க மறுத்தது.

முப்பாட்டன் முழுக்க முழுக்க அவருடைய சொந்தச் சரக்கு. சினேகாவின் கல்யாணப் பேச்சின்போது சம்பந்தி, தன் வம்சத்தில் வந்த பிஷப்புகளைப் பற்றி மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனார். அஸ்தினாபுரத்துப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆன ஆஸ்டினுக்குப் பொறுக்கவில்லை.

"எங்க முப்பாட்டன் இத்தாலிக்காரர் சம்பந்தி. கோயிலுக்குப் படம் வரைய வந்தவர், இங்கேயே பொண்ணு கட்டிக்கிட்டார். இது அவர் கை" என்று தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

சம்பந்தி அதோடு அடங்கிவிட்டார். கல்யாணம் முடிந்து சினேகாவும் மாப்பிள்ளை ஜோஷ்வாவும் மிலானுக்குப் போய்விட, விஷயம் முடிந்தது என்று ஆஸ்டின் நிம்மதியாக இருந்தார். ஆனால் அவர் மனைவி பிலோமினா, தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் வாராவாரம் அந்த முப்பாட்டனுக்காக ஜெபமே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஊர் பேருப்பா" என்றாள் சினேகா மறுபடியும்.

எதிர் ஃபிளாட்டில் பாத்ரூம் வேலை நடந்துகொண்டிருந்தது. வாசலில் டைல்ஸ் பெட்டிகள். 'மொந்தெவெர்னா ஐவரி' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

"மொந்தெவெர்னா" என்றார் ஆஸ்டின். ஐவரியை விட்டுவிட்டார்.

மறுநாள் காலையிலேயே போன். "கண்டுபிடிச்சுட்டேன்ப்பா. மலைமேல சின்ன ஊரு. பழைய கோயில்கூட இருக்கு."

ஆஸ்டின் அவசரமாகக் குறுக்கிட்டார். "அது அப்பவே பூகம்பத்துல அழிஞ்சுபோச்சும்மா."

"அழிஞ்ச ஊருக்கு தினமும் பஸ் போகுதுப்பா."

முப்பாட்டன் பேரையும் கேட்டாள், அதற்கும் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. தன் பேரையே கொஞ்சம் இழுத்து "ஆகஸ்டினோ" என்றார்.

இத்தாலியில் இறங்கியதிலிருந்து அவருக்கு ஒரே குறிக்கோள்தான். அந்த ஊருக்குப் போகாமல் நாளைக் கடத்த வேண்டும். ரோமில் பிலோமினா ஒவ்வொரு கோயிலிலும் முழங்கால் போட்டாள். "அவசரப்படுத்தாதீங்க, அவ நிம்மதியா ஜெபிக்கட்டும்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பதுவையில் அந்தோணியார் கல்லறையைத் தொட்டுத் தொட்டு வந்தார்கள். ஃப்ளாரன்ஸில் ஒரு சுவரோவியத்தின் முன்னால் நின்றபோது மட்டும் அவருக்குப் பொய்யெல்லாம் மறந்துபோனது. பிள்ளையை ஏந்திய தாயின் விரல்கள். வருஷக்கணக்காக எட்டாம் வகுப்புக்குச் செம்பருத்தியும் குடமும் போட்டுக் காட்டிய மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரத்தம் பேசுது மாமா" என்றான் ஜோஷ்வா.

கண்ணீர் அந்த இடத்திலேயே வற்றியது.

"இங்கேயே இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமே மாப்பிள்ளை."

மாமாவின் கலை ஈடுபாட்டில் உருகிப்போன ஜோஷ்வா, இன்னொரு வாரம் லீவு போட்டான். அதன் பலன், அவர்கள் மொந்தெவெர்னாவில் போய் இறங்கியது ஊர்த் திருவிழாவுக்கு முந்தின நாள். வெளியூரில் இருந்தவர்கள்கூட வந்து ஊரே தெருவில் நின்றது.

முதலில் தென்பட்ட பேக்கரி அம்மாவிடம் ஜோஷ்வா தனக்குத் தெரிந்த இத்தாலியனில் விளக்கினான். இந்தியா, ஓவியர், ஆகஸ்டினோ, முப்பாட்டன். இல்லை என்று சொல்லிவிட்டால் தப்பித்தோம் என்று ஆஸ்டின் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஆஸ்டினைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். பிலோமினா பக்கத்திலேயே நின்று ஆனந்தமாக அழுதுகொண்டிருந்தாள்.

கூட்டம் சேர்ந்து அவர்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போனது. பலிபீடத்துக்குப் பக்கத்தில் இறக்கை விரித்து நிற்கும் சம்மனசு படம் ஒன்று, கறுத்துப்போய்.

"யார் வரைஞ்சதுன்னே தெரியாம இருந்துச்சாம் மாமா. இன்னைக்குத் தெரிஞ்சுடுச்சுங்கறாங்க."

"மூக்கைப் பாருடி சினேகா" என்றாள் பிலோமினா. "அப்படியே உங்கப்பா மூக்கு."

ஆஸ்டின் அவசரமாகத் தலையாட்டினார். "இது எங்க ஆள் வரைஞ்சதே இல்லன்னு சொல்லுங்க மாப்பிள்ளை. விரல் சரியா விழலை."

ஜோஷ்வா சொன்னான். ஊர் மேயர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு ஏதோ தழுதழுத்தார்.

"உண்மையான கலைஞனோட பேரன்தான் இப்படி அடக்கமா பேசுவான்கறார் மாமா. நாளைக்குத் திருவிழாப் பூசையில உங்க பேர் போட்ட கல்லைத் திறக்கப்போறாங்க. கொத்தனார் ஆரம்பிச்சுட்டாராம்."

வெளியே உளிச் சத்தம் கேட்டது.

"கல்லெல்லாம் வேண்டாம்னு சொல்லுங்க."

அதையும் சொன்னான். மேயர் பலமாகத் தலையாட்டினார்.

"கல் வேண்டாம்னா பளிங்குலயே வெச்சுடலாம்கறார்."

ஆஸ்டின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தன் பேர் பளிங்கில். படத்தோடு அது சம்பந்திக்குப் போகும், அன்பியத்துக்குப் போகும், அஸ்தினாபுரம் பங்குக் கோயில் நோட்டீஸ் போர்டில் ஏறும். உண்மையைச் சொன்னாலோ, பிலோமினா இங்கேயே மயங்கி விழுவாள்.

அப்போதுதான் ஓரத்தில் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனக் கூண்டின் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தார். பக்கத்து ஊர்ப் பூசைக்குப் போயிருக்கிறார் என்று சொன்ன பங்குச் சாமியார் திரும்பிவிட்டார் போல.

ஆஸ்டினுக்கு ஒரு யோசனை வந்தது. தமிழிலேயே சொல்லிவிடலாம். ஆண்டவருக்குப் புரியும், சாமியாருக்குப் புரியாது. பாவமன்னிப்பும் கிடைக்கும், மானமும் போகாது.

வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டு, மரச்சல்லடைக்கு இந்தப் பக்கம் முழங்கால் போட்டார்.

"சுவாமி, நான் பாவி. எனக்கு இந்த ஊர்ல முப்பாட்டனும் கிடையாது, ஒருத்தனும் கிடையாது. எல்லாரும் செங்கல்பட்டுப் பக்கம் ஏர் ஓட்டினவங்க. சம்பந்தி வாயை அடைக்கச் சொன்ன பொய். இந்த ஊர் பேரே டைல்ஸ் பெட்டியில பார்த்ததுதான். நாளைக்குப் பளிங்குல எழுதப்போறாங்க சுவாமி. நான் என்ன செய்வேன்?"

கடைசியில் குரல் உடைந்து கோயில் முழுக்க எதிரொலித்தது. உள்ளே மரப்பலகை மெல்லக் கிறீச்சிட்டது. யாரோ சல்லடைக்கு வெகு பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார்கள்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க சார். பல்லாவரத்துலேருந்து வந்த நானே, இந்த ஊர்க்காரர் ஒருத்தர் என் முப்பாட்டன்னு சொல்லித்தான் இந்த ஊர்ல காலத்தை ஓட்டிக்கிட்டிருக்கேன்."