வெண்கல நிறத் துப்பாக்கியும் என் சனிக்கிழமைகளும்

மாட்சிமை பொருந்திய என் மைத்துனர் வெண்டல் அவர்களுக்கு, ஓக்லஹோமாவிலிருந்து வெர்லின் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் தங்கள் அக்கா இமோஜீனும் நலம். கான்சாஸில் தாங்களும், தங்களுக்குப் புதிதாகப் பொருத்திய முழங்காலும், தங்கள் மாடுகளும் அவ்வாறே நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். தாங்கள் போன வாரம் போனில், "பிஸ்டல் ஒண்ணு புதுசா வாங்கியிருக்கேன் மச்சான், அதுல பார்ட்டெல்லாம் மாத்தி, கலர் அடிச்சு அழகு பண்ணலாமா, காசுக்குத் தகுமா?" என்று கேட்டதற்கு, "எழுதுறேன்" என்று மட்டும் சொல்லி நான் போனை வைத்ததில் தங்களுக்கு வருத்தம் இருக்கலாம். அக்கா அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். காரணம் அதுதான்.

சரி மச்சான், மரியாதை இவ்வளவு போதும். விஷயத்துக்கு வருகிறேன். நான் கியாஸ் லாரி ஓட்டுவதை விட்டு ஓய்வு பெற்றதிலிருந்து எனக்கு உள்ள ஒரே சுகம் சனிக்கிழமை. காலையில் கிளப்புக்குப் போனால் பொழுது சாயும்வரை சுடுவதும் பேசுவதுமாக இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தால் அப்படியே தூங்கிப்போவேன். உன் அக்காவுக்கோ சனிக்கிழமை சாயங்காலம் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் ஜோடி ஜோடியாக ஆடுகிற ஸ்கொயர் டான்ஸ். ஜோடி இல்லாமல் போகிறவள், எதிர்வீட்டு ஓப்பலோடு ஆடுகிறாள். ஓப்பல் நல்ல மனுஷிதான், ஆனால் உன் அக்கா காலைத்தான் தரை என்று நினைத்து மிதிக்கிறாள். போன வருஷம் கிளப் போட்டியில் வழக்கம்போல நான் கடைசியாக வந்தேன். உன் அக்கா பூண்டு நசுக்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்: "ஏங்க, அடுத்த வருஷமும் கடைசியா வந்தீங்கன்னா, துப்பாக்கியைப் பெட்டியில வெச்சுப் பூட்டிடணும். அப்புறம் சனிக்கிழமை முழுக்க எனக்கு." நானும் ரோஷத்தில் சரி என்று சொல்லித் தொலைத்தேன். அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது கூடப் பிறந்த உனக்குத் தெரியாததல்ல.

அதனால்தான் பர்டெட் கடைக்குப் போனேன். எங்கள் ஊரில் துப்பாக்கி பழுது பார்க்கிறவன் அவன் ஒருவன்தான். என் பிஸ்டலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு குறையும் இல்ல வெர்லின். நீங்க சுடுறதை நான் பாத்திருக்கேன். மாத்த வேண்டியது துப்பாக்கி இல்ல" என்றான். "ஆளை மாத்துற பார்ட் உங்கிட்ட இருக்கா?" என்று கேட்டேன். "இல்ல" என்றான். "அப்ப இருக்கறதை மாத்து" என்றேன். அவனும் வியாபாரிதானே, மாற்றினான். முதலில் கைப்பிடி, அது சொரசொரப்பாக இருந்தால் கை வழுக்காது என்றான். கைப்பிடி மாறினதும் விசை பழசாகத் தெரிந்தது, அதை மாற்றினோம். விசை மாறினால் ஸ்பிரிங்கும் இளசாக இருக்க வேண்டுமாம், விரல் பட்டாலே போதும், காற்றடித்தால் கூடச் சுடும்போல இருந்தது. அப்புறம் குழல். அதன் மூக்கில் ஓட்டை போட்ட ஒரு மூடி, சுடும்போது துப்பாக்கி எகிறாமல் இருக்க. மேலே ஒரு கண்ணாடி, அதற்குள்ளே ஒரு சிவப்புப் புள்ளி, புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கே குண்டு போகும். முன்னால் ஒரு டார்ச் லைட், அது எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கழற்றியதையெல்லாம் ஒரு காப்பி டப்பாவில் போட்டுக் கொடுத்தான். உன் அக்கா டப்பாவைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுல இன்னொரு துப்பாக்கியே இருக்கு போலிருக்கே. உங்க பழசுல மிச்சம் என்னதான் இருக்கு?" என்றாள். நம்பர் அடித்திருக்கும் உடம்பு மட்டும்தான் மிச்சம் என்று நான் சொல்லவில்லை.

கடைசியில் நிறம். பர்டெட் விரல் நகம் அளவுக்கு ஒரு தகட்டைக் காட்டினான், அவன் கடை விளக்கில் அது பழைய வெண்கலச் சிலைபோலக் கம்பீரமாக இருந்தது. அதையே அடிக்கச் சொல்லி, துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வெளியே வெயிலில் வந்து பார்த்தால், நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விருந்தன்றைக்கு உன் அக்கா பிசைந்து வைக்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கின் நிறம். மொத்தம் கூட்டிப் பார்த்தேன். துப்பாக்கியின் விலையைவிட அதன் அலங்காரத்துக்குத்தான் ஜாஸ்தி ஆகியிருந்தது. கையில் மிச்சமிருந்ததற்கு, இருப்பதிலேயே மலிவான தோட்டா ஒரு பெட்டி வாங்கினேன். மச்சான், இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்.

போட்டி அன்றைக்குக் காலையில்தான் துப்பாக்கியை இடுப்பு உறையில் சொருகிப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. டார்ச் ஒரு பக்கம் முட்டுகிறது, கண்ணாடி மேலே முட்டுகிறது, மூக்கு கீழே துருத்துகிறது. எங்கள் கிளப்பில் துப்பாக்கி உறையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பையில் இருக்க வேண்டும், கையில் பிடித்துக்கொண்டு திரிந்தால் அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாங்கும்போது வந்த பெட்டியைத் தேடினேன், அதில் உன் அக்கா விதைப் பொட்டலங்கள் வைத்திருந்தாள். அவசரத்துக்கு அகப்பட்டது, சர்ச் விருந்துக்கு அவள் சூடாகப் பதார்த்தம் எடுத்துப் போகிற பஞ்சு வைத்த பை. சூரியகாந்திப் பூப் போட்டது. நான் அதைத் தூக்கிக்கொண்டு கிளப்புக்குள் நுழைந்ததும், "என்ன வெர்லின், இன்னிக்கு மக்ரோனியா?" என்று ஒருவன் கேட்டான். ஜிப்பைத் திறந்து காட்டினேன். "ஐயையோ, கிழங்கு" என்றான் இன்னொருவன். உன் அக்கா மடக்கு நாற்காலியைப் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளும் சிரித்தாள்.

பேர் கொடுக்கப் போன இடத்தில்தான் தலையில் இடி விழுந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த செயலாளரம்மா துப்பாக்கியைப் பார்த்துவிட்டு, "இது கடையில வாங்கினபடியே இருக்கறவங்க பிரிவுல வராதுங்க. மாத்தினவங்க பிரிவுலதான் சேரும்" என்றாள். "இதென்னம்மா அநியாயம், எவன் போட்ட விதி இது?" என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பல் வைத்தியர் டாக்டர் ஹார்லன் விலையுயர்ந்த அலங்காரத் துப்பாக்கியோடு வந்து எல்லோரையும் ஜெயித்துவிட்டுப் போகிறார் என்று கமிட்டியில் குதித்து, அவரைத் தனியாக ஒதுக்கிவைக்க அந்த விதியைக் கொண்டுவந்தவனே நான்தான். அன்றைக்கிலிருந்து அந்தப் பிரிவில் ஆள் அவர் ஒருவர்தான். வருஷா வருஷம் தனியாகச் சுட்டு, தனியாக ஜெயித்து, பரிசுப் பன்றித்தொடையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போவார். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வாங்க வெர்லின், வாங்க. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாம இருந்தேன்" என்றார். நல்ல மனுஷன் மச்சான், நான்தான் அநியாயமாகப் பகைத்திருக்கிறேன்.

டாக்டர் சுட்டால் இரும்புத் தகடுகள் வரிசையாக மணி அடிக்கும். அடித்தன. அடுத்து நான். காற்றானால் காற்று, தொப்பியைப் பிடுங்குகிற காற்று. சுடத் தொடங்கச் சொல்லி மணிப்பொறி கூவியது, துப்பாக்கியைத் தூக்கினேன், கண்ணாடிக்குள் புள்ளியைக் காணோம். கோழி தானியம் தேடுகிற மாதிரி தலையை ஆட்டி ஆட்டித் தேடிக் கண்டுபிடித்து விசையை அழுத்தினேன். கிளிக். அவ்வளவுதான் சத்தம். இளசான ஸ்பிரிங் தட்டுகிற தட்டு என் மலிவுத் தோட்டாவுக்குப் போதவில்லை. அந்தத் தோட்டாவைத் தள்ளிவிட்டு மறுபடி அழுத்தினேன், டமார், தகடு விழுந்தது. அடுத்தது கிளிக். இப்படிக் கிளிக்கும் டமாருமாக நான் முடிப்பதற்குள் பின்னால் ஒருவன் சாண்ட்விச்சைப் பிரித்துத் தின்றே முடித்துவிட்டான். ஆனால் மச்சான், ஒன்றை மறைக்கமாட்டேன். வெடித்த குண்டு ஒன்று கூட வீண் போகவில்லை. என் கண்ணுக்கு வருஷக்கணக்காகப் பஞ்சுமாதிரி தெரிந்துகொண்டிருந்த குறி, அந்தச் சிவப்புப் புள்ளியால் அன்றைக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

பரிசு வழங்கும்போது எனக்கு ஒரு மரப்பலகை கொடுத்தார்கள். 'இரண்டாம் இடம்' என்று எரித்து எழுதியிருந்தது. கூட ஒரு பை பெக்கான் கொட்டை. வாழ்நாளில் நான் வாங்கிய முதல் பரிசு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் உன் அக்கா முன்னால் நின்றேன். "பாத்தியா, ரெண்டாவது. கடைசி இல்ல" என்றேன்.

"மொத்தம் எத்தனை பேரு?"

"அது எதுக்கு உனக்கு? பலகையைப் படி."

"ரெண்டு பேர்ல ரெண்டாவது வந்தா அதுக்குப் பேரு கடைசிங்க."

எனக்கு அழுகை வராத குறை. என் சனிக்கிழமை கண்ணெதிரே போகிறது. டாக்டர் எனக்காக வாதாடினார், செயலாளரம்மா உன் அக்கா பக்கம் பேசினாள். உன் அக்கா பலகையை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அந்தப் புள்ளி நெஜமாவே அவ்வளவு நல்லாத் தெரியுதா? அதை ஒருதடவை நானும் பாக்கலாமா?"

டாக்டர் தம்முடைய நல்ல தோட்டாக்களைக் கொடுத்தார். உங்கள் அப்பா பண்ணையில் அவள் தகர டப்பாக்களைச் சுட்டு வளர்ந்தவள் என்பது எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரியும், ஆனால் கண்ணில் அறுவை செய்ததிலிருந்து அவள் துப்பாக்கியைத் தொட்டதில்லை. வரிசையில் போய் நின்றாள், அந்தக் கிழங்கு நிறத்தைத் தூக்கினாள். ஐந்து தகடும் விழுந்தன. நடுவில் ஒரு கிளிக் இல்லை. அவள் துப்பாக்கியைக் காலி செய்து காட்டி, சூரியகாந்திப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து, தோளில் மாட்டிக்கொண்டாள். "பலகை ரெண்டாவதுங்குது, நான் கடைசிங்கறேன். ரெண்டுமே சரிதான்" என்றாள். "காலையில நான் உங்ககூட இங்க வரேன். சாயங்காலம் நீங்க என்கூட அங்க வரணும். நாற்காலியில விழுற கதையெல்லாம் இனிமே வேண்டாம்."

அன்றைக்குச் சாயங்காலமே போனோம். ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறவர் இடப்பக்கம் திரும்பு என்று கூவினால் நான் வலப்பக்கம் திரும்பி, தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவனோடு கைகோத்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். உன் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிறது. ஓப்பலைவிட நான் குறைவாகத்தான் மிதிக்கிறேன் என்று திரும்பி வரும் வழியில் சொன்னாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது மச்சான்.

ஆகவே உன் கேள்விக்கு என் முடிவான பதில்: தகாது. ஒரு டாலர் கூடச் செலவழிக்காதே. கைப்பிடி வேண்டாம், விசை வேண்டாம், ஸ்பிரிங் பக்கமே போகாதே. நிறம் என்று எவனாவது தகட்டைக் காட்டினால் எழுந்து வெளியே ஓடு. கடையில் எப்படிக் கொடுத்தானோ அப்படியே சுடு, மிச்சப் பணத்துக்கு நல்ல தோட்டா வாங்கு. பட்டவன் சொல்கிறேன், கேள்.

உன் மாடுகள் பெருகட்டும், உன் முழங்கால் உனக்கு முன்னே நடக்கட்டும், நல்ல மழை பெய்து புல் முளைக்கட்டும். நவம்பரில் விருந்துக்குத் தவறாமல் வந்து சேர்.

இப்படிக்கு,
இரண்டாம் இடம் பெற்ற உன் மச்சான்,
வெர்லின்

பி.கு.: கடிதத்தை உறையில் போடுமுன் உன் அக்கா வாங்கிப் படித்துவிட்டாள். துப்பாக்கி இனி அவளுடையதாம். ஸ்பிரிங்கை மட்டும் காப்பி டப்பாவிலிருந்து பழையபடி போட்டாயிற்று, நிறத்தை அவளுடைய டான்ஸ் கவுனுக்குப் பொருத்தமாகப் பச்சையாக மாற்றப் பர்டெட்டிடம் கொடுத்திருக்கிறாள். எனக்கு அதே மாதிரி புதுசு ஒன்று வாங்கியிருக்கிறோம். அதில் ஒன்றுமே மாற்றப்போவதில்லை, சிவப்புப் புள்ளி மட்டும்தான். கைப்பிடியும். மூன்று துப்பாக்கிக்குச் சேர்த்து நிறம் அடித்தால் விலை குறைப்பதாகப் பர்டெட் சொன்னதால் உன் பேரையும் கொடுத்துவிட்டேன், வரும்போது உன்னுடையதையும் எடுத்து வா. அடுத்த வருஷம் எங்கள் பிரிவில் டாக்டர், உன் அக்கா, நான் என்று மூன்று பேர். மூன்றாம் இடத்துக்கும் பலகை தர வேண்டும் என்று கமிட்டியில் ஒரு விதி கொண்டுவரப்போகிறேன்.