ககன சித்தரும் கறுப்புக் கார்டும்

புரட்டாசிச் சனிக்கிழமை வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரும் கூட்டம், ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலை என்ற குன்றில் ஏறிப் பெருமாளைக் கும்பிடும், இறங்கும், பால்கோவா வாங்கும், பஸ் ஏறும். இந்த வருஷம் இடையில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. செண்பகத்தோப்பு ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அங்கே சித்திரை மாதம் முதலே ககன சித்தர் வந்து உட்கார்ந்திருந்தார்.

சித்தர் நோய் தீர்ப்பதில்லை. பேய் ஓட்டுவதில்லை. அதெல்லாம் பழைய தொழில், போட்டியும் அதிகம். இவர் பார்ப்பது ஆகாய யோகம். நீங்கள் ஏரோப்ளேனில் பறப்பீர்களா, பறந்தால் முன்னால் காலை நீட்டிப் படுப்பீர்களா, அல்லது பின்னால் கக்கூசுக்குப் பக்கத்தில் முழங்காலை மடக்கி உட்காருவீர்களா என்று சொல்லிவிடுவார். ஜாதகம் வேண்டாம், கைரேகை வேண்டாம். பையில் இருக்கும் கிரெடிட் கார்டை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தால் போதும். கறுப்பு நூலில் கட்டிய ருத்திராட்சத்தை அதன் மேல் தொங்கவிடுவார். அது வலமாகச் சுற்றினால் யோகம். இடமாகச் சுற்றினால் தோஷம்.

ஆச்சரியம் என்னவென்றால், ஊரார் கொண்டுவந்த கார்டுகள் எல்லாவற்றுக்கும் ருத்திராட்சம் இடமாகத்தான் சுற்றியது. வலமாகச் சுற்றியது ஒரே ஒரு ரகக் கார்டுக்குத்தான். கறுப்பு நிறம், இரும்புத் தகடு போல் கனம், மூலையில் விமானப் படம். வருஷச் சந்தா ஒரு நல்ல கறவை மாட்டின் விலை. அந்தக் கார்டுக்கு விண்ணப்பம் எழுதித் தரும் சதீஷ் என்ற சீடன், சித்தருக்குப் பக்கத்து மேஜையிலேயே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். என்ன ஒரு தெய்வச் செயல் என்று ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கமிஷன் என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஆலை வைத்திருந்த ஆவுடையப்பனுக்கு ஒரு காயம் இருந்தது. அவர் ஆலைத் துணி அத்தனையையும் சுற்றினாலும் கட்ட முடியாத காயம். மகள் மெல்போர்னில் இருந்தாள். சம்பந்தி போன தை மாதம் அங்கே போய் வந்தார், அதுவும் பிசினஸ் கிளாசில். படுத்துக்கொண்டே ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். வெள்ளைப் போர்வை, கையில் ஆரஞ்சு ஜூஸ், முகத்தில் ஒரு சிரிப்பு. ஆவுடையப்பன் சாப்பிடும்போதும் அந்தச் சிரிப்பை எடுத்துப் பார்ப்பார். சோறு இறங்காது.

நூல் வியாபாரி ஜோயல்தான் வழி காட்டினார்.

“அண்ணாச்சி, கறுப்புக் கார்ட வாங்குங்க. செலவு பண்ணப் பண்ண மைல் சேரும். மைல் சேந்தா டிக்கெட்டு ஓசி. நான் வாங்கிட்டேன்.”

“நீரு கோயில் சாமியார்கிட்டயெல்லாம் போவீராவே?”

“ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குத் தவறாமப் போறவன்தான் நான். ஆனா ஏர்போர்ட் லவுஞ்சுல எவனும் மதம் கேக்க மாட்டான்லா!”

ஆவுடையப்பன் போனார். அவருடைய பழைய கார்டைப் பார்த்ததுமே ருத்திராட்சம் வேப்பிலை அடித்தது போல் இடமாகச் சுழன்றது. “மகனே, இந்த அட்டையில் சனி குடியிருக்கிறான்” என்றார் சித்தர். சதீஷ் உடனே பேனாவை நீட்டினான். பதினைந்தாம் நாள் கறுப்புக் கார்டு வீடு தேடி வந்தது. அதைக் கொண்டுபோய் ‘மைல் திறப்பு பூஜை’ செய்ததற்குத் தனியாகத் தட்சிணை. மைல் மலர வேண்டுமானால் கை தாராளமாக இருக்க வேண்டும் என்று சித்தர் சொல்லி அனுப்பினார்.

கை தாராளமானது. ஆலை ஆபீசுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வந்தது. வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வந்தது. வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ் கொல்லைப்புறம் போய், மருதாணியும் மாவும் வைக்கும் அலமாரி ஆனது. ஜோயல் வீட்டில் ஆளுக்கு இரண்டு போன். பேசுவதற்குத்தான் ஆள் போதவில்லை.

ஆவுடையப்பனின் மனைவி மாரீஸ்வரி ஆலையின் வரவு செலவைப் பார்ப்பவள். இரண்டாவது புது ஃபிரிட்ஜ் வரைக்கும் பொறுத்திருந்தாள். ஒரு நாள் தோசை வார்த்தபடியே கேட்டாள்.

“நீங்க கடைசியா எப்போ ஏரோப்ளேன் ஏறுனீக?”

“பாப்பா பட்டம் வாங்கினப்போ, டெல்லிக்கு.”

“அதுக்கு முன்னால?”

ஆவுடையப்பன் தேங்காய்ச் சட்னியை உற்றுப் பார்த்தார். சட்னிக்கும் தெரியவில்லை.

“லவுஞ்சுல சாப்பாடு ஓசிட்டீ” என்றார். “எம்புட்டு வேணும்னாலும் திங்கலாம்.”

“அந்த இட்லியத் திங்க மதுர வரைக்கும் டீசல் போட்டுப் போகணும். டிக்கெட்டும் வாங்கணும். டிக்கெட்டு வாங்காம இட்லி தின்னுட்டு வந்திர முடியுமா?”

“நீ சின்னச் சின்னதா யோசிக்க.”

“சரி, பெருசா யோசிச்சு ஏரோப்ளேன் கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டேன். நீங்க சேத்த மைலுக்கு மதுரையிலருந்து மெட்ராசுக்கு ஒரு டிக்கெட்டு தருவாகளாம். போறதுக்கு மட்டும். வரிய நாமதான் கட்டணுமாம். வாரப்போ நீங்க பஸ்ல வந்திருங்க.”

“அப்போ ஆஸ்திரேலியா?”

“இன்னும் முப்பது ஃபிரிட்ஜு வாங்கணும்.”

தோசை கருகியது. “யோகம் இன்னும் மலரல, அம்புட்டுதான்” என்று ஆவுடையப்பன் எழுந்துபோனார். அவர் மனதில் ஒரு பெரிய திட்டம் இருந்தது. புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை சித்தர் ‘மைல் மகா யாகம்’ நடத்துகிறார். அன்றைக்கு யாக மெஷினில் கார்டைத் தேய்த்தால் ஒன்றுக்கு ஐந்தாக மைல் சேருமாம். தேய்த்த பணம் அடுத்த அமாவாசைக்குள் திரும்பி வந்துவிடுமாம். மைல் மட்டும் நம்மோடு தங்கிவிடுமாம். தீபாவளி போனசுக்கு என்று பேங்கில் ஒரு தொகை இருந்தது. அந்தத் தொகைக்குத் தேய்த்துவிட்டால் என்ன? கார்டு பில் வந்தால் அதிலிருந்து கட்டிவிடலாம். பணம்தான் திரும்பி வருகிறதே!

அன்று சாயங்காலம் பேண்டேஜ் சுருட்டும் கருத்தம்மாள் ஆபீஸ் வாசலில் நின்றாள்.

“மொதலாளி, போனசு எப்பன்னு தெரிஞ்சா மகளுக்குத் துணி சொல்லி வச்சிருவேன். தலைதீவாளி.”

“வந்திரும், வந்திரும். அமாவாசைக்குப் பொறவு.”

“தீவாளிதான் மொதலாளி அமாவாசைக்கு வருது.”

ஆவுடையப்பன் புது ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்துக் குடித்தார். உள்ளே அந்தத் தண்ணீர்ப் பாட்டிலைத் தவிர வேறு ஒன்றுமில்லை. மாரீஸ்வரி அடுத்த அறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசிச் சனிக்கிழமை காலை அவர் சட்டை மாட்டியதும் அவளும் செருப்பை மாட்டினாள்.

“நானும் வாரேன். அவியகிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும்.”

மண்டபத்தில் எள் போட இடமில்லை. கான்சாபுரத்திலிருந்து வேன் பிடித்து விவசாயிகள் வந்திருந்தார்கள். பயிர்க் கடன் கார்டுக்கும் யோகம் உண்டா என்று ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார். யாகக் குண்டத்தில் புகை, பக்கத்தில் குங்குமப் பொட்டு வைத்த ஸ்வைப் மெஷின். “என் ருத்திராட்சம் மலையை ஊடுருவும்! கடலை ஊடுருவும்!” என்று சித்தர் மைக்கில் முழங்கினார். வரிசை நகர்ந்தது. ஆவுடையப்பன் கார்டைக் கையில் எடுத்தார். மாரீஸ்வரி அதை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு முன்னால் போனாள்.

“சாமி, மலைய ஊடுருவும்னா காகிதத்தையும் ஊடுருவும்லா?”

“அற்பக் காகிதம் எம்மாத்திரம், தாயே?”

“அப்போ சரி.”

பையிலிருந்து ஐந்து கவர்களை எடுத்தாள். மகள் கல்யாணத்தில் மிஞ்சிய பத்திரிகைக் கவர்கள், எல்லாம் ஒரே மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாதபடி ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் கெட்டி அட்டை. நான்கில் ஏற்கெனவே ஏதோ இருந்தது. ஐந்தாவதில் கணவரின் கறுப்புக் கார்டை எல்லோரும் பார்க்கப் போட்டு மூடினாள். கவர்களைத் தூணுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கலைத்துத் தரும்படி கூட்டத்திலிருந்து ஒரு விவசாயியைக் கேட்டாள். இப்போது எது எதுவென்று அவளுக்கே தெரியாது.

“இதுல எது யோகம், எது தோஷம்னு நீங்க சொல்லுங்க. கவரக் கையில எடுக்க வேண்டாம். தாம்பாளத்துலயே இருக்கட்டும்.”

சித்தரின் தாடி லேசாக ஆடியது. மறுக்கலாம். ஆனால் மறுத்தால் மெஷினுக்கு நின்ற வரிசை கலைந்துவிடும். “சொல்லுங்க சாமி! சொல்லுங்க!” என்று பக்தர்களே நெருக்கினார்கள். பக்தியில் இப்படி ஒரு சங்கடம் உண்டு.

முதல் கவர். ருத்திராட்சம் தயங்கியது, பிறகு இடமாகச் சுற்றியது. “சனி!” என்றார் சித்தர். இரண்டாவது கவரும் இடம். “இதில் செய்வினை!” மூன்றாவதில் வலம். பெரிய வட்டமாக வலம்! சித்தர் கண்ணை மூடினார்.

“ஆஹா! கடல் தெரிகிறது. மேகம் தெரிகிறது. இந்த அட்டைக்குரியவர் இந்த வருஷமே சீமைக்குப் பறப்பார். ஜன்னல் இருக்கை! வெள்ளைக்காரப் பெண்கள் கைகூப்பி நிற்பார்கள்!”

மண்டபம் அதிரக் கைதட்டல். ஆவுடையப்பன் தான் படுத்துக்கொண்டு போட்டோ எடுப்பதை நினைத்துப் பூரித்தார். மீதி இரண்டும் தோஷம் என்று முடிந்தது. மாரீஸ்வரி, கூட்டத்தில் நின்ற ஜோயலைக் கூப்பிட்டுக் கவரைப் பிரிக்கச் சொன்னாள்.

சனி பிடித்த முதல் கவரில் ரேஷன் கார்டு இருந்தது. செய்வினைக் கவரில் கறுப்புக் கார்டு. பூஜை செய்து, குங்குமம் வைத்து, இதே சித்தர் திறந்துவிட்ட ஆவுடையப்பனின் கறுப்புக் கார்டு. சீமைக்குப் பறக்கும் மூன்றாவது கவரை ஜோயல் பிரித்தார். உள்ளே இருந்த அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். வாய் பிளந்தார்.

“என்னவே, படியும்!” என்றார் ஆவுடையப்பன்.

“பேரு வல்லரசு. வயசு நாலு. வெறிநாய்த் தடுப்பூசி போட்டாச்சு.”

“எங்க வீட்டு நாய்” என்று மாரீஸ்வரி விளக்கினாள். “ஜன்னல் சீட்டு குடுத்தா சந்தோசமா வரும். வெள்ளைக்காரப் பொம்பளைக கையக் கூப்புறதுக்குப் பதிலா ஓடாம இருக்கணும்.”

சிரிப்பு முதலில் பெண்கள் பக்கம் ஆரம்பித்து ஆண்கள் பக்கம் பரவியது. சித்தர் கையை உயர்த்தினார். “கவரில் பசை தடவியிருக்கிறது. பசை தீட்டு. சக்தியை மறித்துவிட்டது!”

“கவர் வேண்டாம் சாமி. கறுப்புக் கார்டத் தெறந்தே வைப்போம். நூல மட்டும் நீங்க பிடிக்காதீக. அந்தா, தோரணம் கட்டுற கொக்கி இருக்கு. அதுல மாட்டிருவோம். சக்தி ருத்திராட்சத்துலதான இருக்கு? விரல்லயா இருக்கு?”

யாரோ ஃபேனை நிறுத்தினார்கள். ஜோயல் நாற்காலியில் ஏறி நூலைக் கொக்கியில் கட்டினார். நேர் கீழே கறுப்புக் கார்டு. ஆடிய ருத்திராட்சம் மெல்ல மெல்ல அடங்கி நின்றது. அது அசையவே இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரசாங்க ஆபீசில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா மாதிரி அப்படியே இருந்தது.

“ஏலே, கைய வச்சில்லாலே ஆட்டியிருக்கான்!” என்றது ஒரு குரல்.

குங்குமப் பொட்டோடு மெஷினைச் சுருட்டிக்கொண்டு சதீஷ் சமையலறை வழியாக நழுவப் பார்த்தான். நான்கு பேர் அவன் சட்டையைப் பிடித்தார்கள். பதற்றத்தில் அவன் கத்தினான்: “வினோத் அண்ணே! வண்டிய எடுங்கண்ணே!”

ககன சித்தர் எழுந்தார். அதாவது, வினோத் எழுந்தார். ஜடாமுடி ஒரு பக்கம் சாய்ந்தது. கூட்டம் நெருங்க நெருங்க, ஆறு மாதமாகச் செந்தமிழ் பேசிய வாய் தன் தாய்மொழிக்குத் திரும்பியது.

“சார், சார், ஒரு நிமிஷம் சார்! எல்லாமே டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்ல போட்டிருக்கு சார்! பிடிக்கலன்னா கஸ்டமர் கேருக்குக் கால் பண்ணுங்க சார்!”

மதுரையில் ஒரு பெரிய கடை வாசலில் மேஜை போட்டுக் கார்டு விற்றவராம். ஒருவரும் நின்று கேட்காததால் தாடி வளர்த்திருக்கிறார். தாடி வளர்ந்ததும் அதே பேச்சைக் கேட்க வேன் பிடித்து வந்தார்கள். போலீஸ் ஜீப்பில் ஏறும்போது இதை அவரே சொன்னார், கொஞ்சம் வருத்தத்தோடு.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஆவுடையப்பன் கறுப்புக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி வந்தார். ராஜபாளையம் எல்லையில் மெதுவாகக் கேட்டார்: “இந்தக் கார்டே பித்தலாட்டமா மாரி?”

“கார்டு என்ன பண்ணும்? மாசத்துக்கு நாலு தடவ பறக்கிறவனுக்கு லாபமா இருக்கலாம். நமக்கு எத்தன தடவன்னு நீங்களே எண்ணுங்க.”

அவர் விரலை மடக்கினார். ஒரு விரலுக்கு மேல் மடக்க வேலையில்லை. வீட்டுக்குப் போனதும் கம்பெனிக்குப் போன் போட்டார். ரத்து செய்யாமல் இருந்தால் கூடுதல் மைல் தருவதாக ஒரு பெண் தேனாகப் பேசினாள். “அந்த மைலுக்கு எங்க வரைக்கும் போகலாம்மா?” என்று கேட்டார். அவள் பதில் தேடுவதற்குள் ரத்து செய்யச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை போனஸ் கொடுத்தாயிற்று. கருத்தம்மாள் மகளுக்குப் பட்டே எடுத்தாள். மெல்போர்னுக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் போவது என்று முடிவானது. முழங்கால் கொஞ்சம் மடங்கும்.

அடுத்த சனிக்கிழமை காலை வாசலில் சத்தம் கேட்டு மாரீஸ்வரி கதவைத் திறந்தாள். வரிசை நின்றது. கான்சாபுரம் வேனும் வந்திருந்தது. எல்லோர் கையிலும் கார்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு.

“தாயீ, சித்தரையே ஜெயிச்ச தாயீ! எங்க கார்டையும் செத்த நேரம் பாத்துச் சொல்லுங்க” என்று முன்னால் நின்றவர் தடாலென்று அவள் காலில் விழுந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் குனிந்தார்கள்.

மாரீஸ்வரி இரண்டடி பின்னால் போனாள்.

“எந்திரிங்கய்யா மொதல்ல. வருசத்துக்கு எத்தன தடவ பறப்பீக, சந்தா எம்புட்டு, திரும்பக் கெடைக்கிறது எம்புட்டு. அதக் கணக்குப் போட ஒரு தல போதும். ஒங்க எல்லாருக்கும் கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்குல்லா. அத எவன் கால்லயாவது கொண்டுபோய் வைக்கவா இம்புட்டு வருசமா சொமக்கீக?”