கண்ணீர்ப்புகை அடிக்கும் மகனுக்கு

கொட்டாஞ்சேனை,
மே 2022

அன்பு மகன் ஹெக்டருக்கு,

அப்பா செபஸ்தியன் எழுதுவது. அந்தோனியார் காவலில் நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் ஆஸ்மாவும் அடக்கமாக இருக்கிறது. உன்னைக் கலகமடக்கும் பிரிவில் போட்ட நாளிலிருந்து உனக்கு லீவு இல்லை. டியூட்டியில் போனையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். அதனால் பென்ஷன் எடுத்தபின் முதல் தடவையாகப் பேனை பிடிக்கிறேன். நாளைக்கு நம் சந்தியில் உன் பிரிவுதானாம், கண்ணீர்ப்புகைத் துப்பாக்கி உன் கையிலாம் என்று கடைக்காரர் பௌஸி சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று நடந்ததைக் கேள். சமையல் காஸ் கேட்டுச் சனம் வெறும் சிலிண்டர்களை றோட்டில் அடுக்கி மறித்தது. உன் அம்மா அதற்குப் போகவில்லை; வந்திருப்பது உன் பிரிவு என்று நினைத்து, உனக்குச் சோற்றுப் பார்சல் கொடுக்கப் போனாள், கூடவே நானும். ஹெல்மெற் போட்ட நாற்பது பேரில் எது தன் பிள்ளை என்று தெரியாமல், முதலில் நின்றவனின் முகக்கண்ணாடியைத் தூக்கி, "டேய் ஹெக்டர், சாப்பிட்டியா?" என்று கேட்டாள். "அம்மே, மம ஹெக்டர் நெவெய்" என்று, தான் ஹெக்டர் இல்லை என்பதை அந்தப் பொடியன் பணிவாகச் சொன்னான். "ஆராயிருந்தா என்ன, காலமையிலயிருந்து பட்டினிதானே?" என்று ஒரு கவளத்தை வாயில் வைத்துவிட்டாள். அடுத்தவன் தானாகவே கண்ணாடியைத் தூக்கினான். இப்படியே ஐந்து பேர் பொல்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மென்றுகொண்டிருக்க, இன்ஸ்பெக்டர் முன்னேறச் சொல்லிக் கத்தியும் ஒருவரும் அசையவில்லை. சனமும் சிரித்துக்கொண்டு சிலிண்டர்களில் குந்திவிட்டது. அந்த அரை மணித்தியாலம் ஒரு கல்லும் பறக்கவில்லை. சோறு முடிந்த பிறகுதான் வினை. பின்னாலிருந்து யாரோ புகைக்குண்டை அடித்தார்கள். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவன் நான். கேட்டிருந்தால், மே மாதம் காற்று கடலிலிருந்து வரும் என்று சொல்லியிருப்பேன். புகை திரும்பிப் பொலிஸையே மூடியது. சனமும் பொலிஸும் பௌஸியின் பைப்படியில் ஒரே வரிசையில் நின்று கண் கழுவினார்கள். இடையில் புகப் பார்த்த இன்ஸ்பெக்டர் நல்ல ஏச்சு வாங்கினார். நானும் சிரித்தேன் மகன், அம்மாவைத் திரும்பிப் பார்க்கும்வரை. சுவரைப் பிடித்தபடி நின்றாள், உதடு நீலம். ஆஸ்மா அடக்கம் என்று மேலே எழுதியது பொய். ஆஸ்மா பம்பில் இனி இரண்டு இழுவைக்குத்தான் மருந்து இருக்கிறது. கேட்ட பாமசிகளில் எல்லாம் கையை விரிக்கிறார்கள்.

"அது ஆளைக் கொல்லாத ஆயுதம், அப்பா" என்று ட்ரெயினிங் முடிந்து வந்து நீதான் சொன்னாய். அப்படி உனக்குப் படிப்பித்தவர்களுக்கு உன் அம்மாவின் நெஞ்சைத் தெரியுமா? எனக்குப் பயமாயிருக்கிறது. உங்கள் பிரிவுப் பெரியவரிடம் கதைத்துப் பார். ஒலிபெருக்கி எதற்கு இருக்கிறது? காஸ் லொறி எப்போது வரும் என்று உண்மையைச் சொன்னாலே பாதிச் சனம் வீட்டுக்குப் போய்விடும். அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே. அவள் செருப்பை அலுமாரியில் பூட்டி, திறப்பைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நாளைக்கு வாசல் தாண்டமாட்டாள், இது சத்தியம்.

வேளைக்குச் சாப்பிடு. மாதா உன் கண்ணையும், துப்பாக்கியில் இருக்கும் விரலையும் காக்கட்டும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: விடிந்துவிட்டது. சட்டைப் பையில் திறப்பில்லை. அம்மா செருப்போடும் பத்துப் பார்சலோடும் வாசலில் நிற்கிறாள்; கடிதத்தைத் தானே தருவாளாம். ஆகவே இது உன் கைக்கு வந்திருந்தால் அவள் உனக்கு முன்னால் நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் பம்போடு நான். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து ஆறுதலாக வாசி. முடிந்ததும் மேலிருந்து திரும்பவும் வாசி.