முகப்பிலிருந்து நீங்கிய வரி

மனித குலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. அதற்கடுத்த பெரும் பாய்ச்சல், பிராக் நகரில் எங்கள் தேடுபொறி நிறுவனத்தின் இரண்டாம் மாடியில் நிகழ்ந்தது. முகப்புப் பக்கத்திலிருந்து ஒரு வரியை நீக்கினோம்.

இன்று யாருடைய பெயர்நாள் என்று சொல்லும் வரி அது. எங்கள் நாட்டில் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு பெயருக்குச் சொந்தம். அன்று அந்தப் பெயர்க்காரரை வாழ்த்தாவிட்டால் கோபித்துக்கொள்வார். ஆனால் தேதியை யாரும் மனத்தில் வைத்திருப்பதில்லை. காலையில் எங்கள் முகப்பைப் பார்த்துவிட்டுப் பூ வாங்க ஓடுவார்கள். இந்தப் பின்தங்கிய நிலையைத்தான் இயக்குநர் கிரிஷ்டோஃப் 'மறுசிந்தனை' செய்தார்.

முட்டையும் ஊறிய வெள்ளரிக்காயும் வைத்த ரொட்டித் துண்டுகள் பரிமாறப்பட்டதும் கூட்டம் தொடங்கியது.

“போன வருஷம் முழுக்க இந்த வரிய ஒருத்தர்கூட அழுத்தல,” என்றார் கிரிஷ்டோஃப், துக்கச் செய்தி வாசிக்கும் குரலில்.

“அழுத்தினா ஒண்ணும் ஆகாதே. அது வெறும் எழுத்துதானே?” என்றேன்.

“அதான் யர்மிலா மேடம்! ஒண்ணும் ஆகாததக்கூட அழுத்த மனசு வரல. அவ்வளவு வெறுப்பு!”

“எதிர்ல சுவர்க் கடிகாரம் இருக்கு. அதையும்தான் யாரும் அழுத்தறதில்ல. அதுக்காக மணி பாக்காமலா இருக்கோம்?”

வடிவமைப்பாளர் வெந்துலா அவசரமாகக் குறித்துக்கொண்டாள். மறுநாள் சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

வேறு வழியின்றி உள்ளதைச் சொன்னேன். “என் வீட்டுக்காரர் பேரு ஹினெக். பிப்ரவரி ஒண்ணு அவரோட நாள். அவர் போனப்புறமும் அந்த வரியப் பாத்துட்டுத்தான் டிராம் பட்டறை சிநேகிதங்க எனக்கு போன் பண்றாங்க. ஆளுக்கொரு புதுப் பொய்யா அவரப் பத்தி அளப்பாங்க. வருஷத்துல எனக்கு அந்த ஒரு நாள்தான்.”

“மனசத் தொடுது,” என்றார் கிரிஷ்டோஃப், இன்னொரு ரொட்டியை எடுத்தபடி. “ஆனா இது உணர்ச்சி. தரவு இல்ல.”

“நீங்க போன்ல ஒரு நினைவூட்டல் வெச்சுக்கலாமே?” என்றாள் வெந்துலா.

“எனக்கா மறக்குது? மறக்கறது அவங்கதானே!”

என் ஒருத்தியின் எதிர்ப்புடன் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வரி இருந்த இடத்தில் தூய வெண்மை வந்தது. அந்த வெண்மைக்கு ஒரு வடிவமைப்புப் பரிசும் வந்தது.

பிப்ரவரி முதல் தேதி விடுப்பெடுத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மாலைவரை அது மௌன விரதம் காத்தது. இருட்டிய பிறகு ஓர் அழைப்பு. எங்கள் நிறுவனத்தின் பதிவுக் குரல்.

“புதிய முகப்பில் எதையாவது இழந்ததாக உணர்கிறீர்களா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும்.”

அழுத்தினேன்.

மறுநாள் கிரிஷ்டோஃப் முகம் மலர அறிவித்தார். “நாடு முழுக்க ஒரே ஒருத்தர்தான் ஒண்ண அழுத்தியிருக்காங்க. அதுவும் கை தவறியிருக்கும்!”

எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் நிறுவனத்தின் ஆற்றலை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்லமாட்டேன். புற்றுநோயால் ஹினெக் ஒருவரைத்தான் கொண்டுபோக முடிந்தது. அவருடைய சிநேகிதர்கள் அத்தனை பேரையும் நாங்கள் ஒரே கூட்டத்தில் கொண்டுபோனோம்.