ஹோல்டான்

அவசரம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே ஒப்புக்கொள்ளாத மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். குத்தாலத்திலிருந்து கும்பகோணம் வழியாகப் பாபநாசம் போகும் பஸ்ஸில் அவர் கண்டக்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் பஸ் முதலாளிக்கே மறந்துபோயிருக்கும். வண்டியை நிறுத்த எல்லா கண்டக்டரும் தொண்டை கிழியக் கத்துகிற 'ஹோல்டா...ன்' என்ற சத்தத்தை, அவர் மட்டும் தாலாட்டு மாதிரி இழுத்துச் சொல்வார். கடைசியில் அவரே ஹோல்டான் ஆகிவிட்டார்.

எந்நேரமும் காதில் ஒரு பென்சில். டிரைவர் தலைக்கு மேலே முதலுதவிப் பெட்டி. மற்ற பஸ்களில் அந்தப் பெட்டியைத் திறந்தால் வெற்றிலையும் பன்னீர்ப்புகையிலையும் இருக்கும். இவருடையதில் துவைத்து, காயவைத்து, மடித்த வெள்ளைத் துணிகள் இருக்கும்.

"கண்டக்டர் லைசன்ஸ் எடுக்க முதலுதவி சர்டிபிகேட் வேணும்ல? எல்லாரும் லைசன்ஸுக்காக அதை வாங்குனாங்க. நான் அதுக்காகத்தான் லைசன்ஸே வாங்குனேன்" என்பார். பஸ்ஸில் யாருக்காவது ஏதாவது ஆகாதா என்று இவர் காத்துக்கிடப்பதாக டிரைவருக்குச் சந்தேகம்.

ஒருமுறை ஆடுதுறையில் ஏறியவருக்கு வலிப்பு வந்துவிட்டது. "இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க!" என்று பஸ்ஸே எழுந்து நின்றது. வீட்டுச் சாவி, சைக்கிள் சாவி, பீரோ சாவி என்று வந்து குவிந்தன. புது அரிவாள்மணை வாங்கிக்கொண்டு போன ஓர் அம்மாள் அதையே நீட்டினார்.

"ஹோல்டா...ன். சாவியெல்லாம் என்கிட்ட குடுங்க. அரிவாள்மணையை மட்டும் நீங்களே வச்சுக்கங்கம்மா."

சாவிகளைத் தோல்பையில் போட்டார். துண்டை மடித்து அந்த ஆளின் தலைக்குக் கீழே வைத்தார். பிடித்து அமுக்க வந்தவர்களை விலக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் கண் விழித்துவிட்டார். எந்தச் சாவி யாருடையது என்ற சண்டைதான் கும்பகோணம் வரை ஓயவில்லை.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன், என் முறை வரும்வரை.

சென்னையில் கழக ஆட்சி வந்திருந்த காலம். எங்கள் வரப்புகளில் செங்கொடி. அறுப்புக்கூலி கேட்டு நாங்கள் வேலைக்கு இறங்காமல் நிற்க, மிராசுதாரின் காரியஸ்தர் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து வயலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். தள்ளுமுள்ளில் யாருடைய அரிவாளோ என் இடது முன்னங்கையில் இறங்கியது. என் கூட்டாளிகள் இரண்டு பேர் மதகு வரை என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பஸ்ஸை மறித்தார்கள். கடைசி சீட்டில் என்னைக் கிடத்தியதும் ஒருவன் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தான். மற்றவன் கோஷம் போட ஆரம்பித்தான்.

"சுண்ணாம்பு அப்புங்க!" "காப்பித்தூள் வைங்க!" என்று ஆளாளுக்கு யோசனை. நான் செத்துக்கொண்டிருப்பதாகவே முடிவுகட்டிவிட்டேன்.

"ஹோல்டா...ன்" என்று கேட்டது. சொல்லி முடிப்பதற்குள் வெள்ளைத் துணி காயத்தின் மேல் இருந்தது, என் கையை மேலே தூக்கிப் பிடித்திருந்தார். அவருக்கு வாய்தான் மெதுவு.

"தம்பி, பேர் என்ன? என்னைப் பாரு. கையைப் பாக்காத." பிறகு முன்பக்கம் திரும்பினார். "ஐயா, கொஞ்சம் இப்படி வாங்க. இதை அழுத்திப் பிடிக்கணும். நான் மயங்கின பிள்ளையைப் பாக்கணும்."

முன்சீட்டில் இருந்தவர் அதே காரியஸ்தர். எங்கள் மேல் போட்ட வழக்கின் வாய்தாவுக்காகக் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"நானா? இவன் எந்தத் தெருன்னு தெரியுமாய்யா உனக்கு?"

"தெரியலீங்க. உங்க கைதான் இந்த வண்டியிலயே கனமான கை. நீங்க அழுத்தினதும் ரைட் குடுத்துடுறேன்."

"எனக்கு வாய்தாவுக்கு நேரமாவுது!"

"அதான் சொல்றேன். சீக்கிரம் அழுத்துங்க."

வண்டி நகரவில்லை. டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். எங்கள் தெருவையே வருஷக்கணக்காக அழுத்திவைத்திருந்த அந்தக் கை, முதல்முறையாக எங்களில் ஒருவனைத் தொட்டது. நன்றாகத்தான் அழுத்தினார் மனுஷர், குறை சொல்ல முடியாது.

"ரைட்!"

எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல் பஸ் ஆஸ்பத்திரிக்கே போனது. "விடலாமாய்யா?" என்று வழியெல்லாம் கெஞ்சினார் காரியஸ்தர். "துணி நனைஞ்சா மேல இன்னொண்ணு வைக்கிறேன். நீங்க ஹோல்டா...ன்" என்றே பதில் வந்தது. டாக்டர் வந்து வாங்கிக்கொள்ளும்வரை விடவில்லை. வெள்ளைச் சட்டையெல்லாம் என் ரத்தத்தோடு அவர் கோர்ட்டுக்குப் போனபோது வாய்தா முடிந்திருந்தது.

தையல் போட்டு என்னை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் ஹோல்டான். காதிலிருந்து விழுந்த பென்சிலை எடுத்தார், மறுபடி விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். அவருடைய விரல் பத்தும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன.

"என்னண்ணே, கை இப்படி நடுங்குது?"

"இப்ப நடுங்கலாம் தம்பி. அப்ப நேரமில்ல."

கும்பகோணம் கோட்டத்திலேயே பயமே இல்லாத மனிதர் என்று நாங்கள் நினைத்திருந்தவர், என் உயிர் தங்கும்வரை தன் பயத்தையும் ஹோல்டானில் நிறுத்திவைத்திருந்திருக்கிறார். இப்படி ஒரு மனிதர் எங்கள் பஸ் கண்டக்டர் என்று இன்றைக்கும் யாரிடம் வேண்டுமானாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே குனிந்து, நன்றாக இருந்த என் வலது கையால் பென்சிலை எடுத்து, அவர் காதில் செருகிவிட்டேன்.